வரவேற்புரை முடியும்வரை கழற்றக் கூடாது

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல, மின்வெட்டில் உதித்தது. இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு. மழை பொய்த்து நாடு முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வருகிற காலம். வவுனியாவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம், மத்தியானம் சாய்ந்த நேரம். நான் ஒரு நீள மர வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் ஒரு சின்ன மெசின் பாதி வேலையில் செத்துப்போய் நிற்கிறது. அதற்கு ஒரு பக்கம் அந்த மெசினைப் படிப்பிக்கிற பத்மாசனி மிஸ். மற்றப் பக்கம் இடம்பெயர்ந்தவர்களின் குடியேற்றத்திலிருந்து வந்த வீரம்மா. கரண்ட் வரும்வரை எங்கள் மூவருக்கும் வேலை இல்லை.

அது பொய். எனக்கு ஒரு வேலை இருக்கிறது. நான் எழுதவேண்டியது வேறொன்று. அதை விட்டுவிட்டு இதை ஏன் எழுதுகிறேன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் புரட்டிப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் சண்டைதான்.

ஆரம்பத்துக்கு மூன்று வசனம் எழுதிப் பார்த்தேன்.

"வன்னியின் செம்மண்ணில் ஓர் உலோகக் கனவு" (வேண்டாம். பாடசாலை ஆண்டு மலர்களில் இப்படி எழுதி எழுதியே நான் தமிழ் வாத்தியாராக இளைப்பாறினேன்.)

"மெசின் சிறியது, ஆனால் அதன்" (அதன் என்ன? தெரியாது. மெசினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.)

"வீரம்மா ஒரு மூட்டை நெல்லோடு வந்தாள்."

இது நடந்தது. இதை வைத்துக்கொள்வோம் என்று நினைக்கும்போதே பத்மாசனி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அந்த அம்மா உங்களுக்கு என்ன, வீட்டு வேலைக்காரியோ? வந்தார் எண்டு எழுதுங்கோ."

வந்தார்.

2

நிலையத்தின் வாசலில் "கணினி மில்லிங் மெசின்" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது. அதை எழுதிக் கொடுத்த மகான் நான்தான். எங்கள் பக்கத்தில் மில் என்றால் நெல்லுக் குத்துகிற மில். வேறு மில் இங்கே கிடையாது. கணினியில் ஓடுகிற மில் ஒன்று வந்திருக்கிறதாம், அரிசி ஒன்றுகூட உடையாதாம் என்று பஸ்ஸில் கதை பரவிவிட்டது. வீரம்மா சைக்கிளில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து, இந்த மெசினுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, "எதுல கொட்டுறதுங்க?" என்று கேட்டார்.

"அம்மா, இது நெல்லுக் குத்திற மில் இல்லை. இது அலுமினியம், இரும்பைச் செதுக்கிற மெசின்" என்றார் பத்மாசனி. "கொம்பியூட்டரில அளவைக் குடுத்தா, இந்தச் சுத்திற கட்டர் தானா அங்க இஞ்ச போய்ச் செதுக்கும்."

"அப்ப மில்லுன்னு எதுக்குங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"அதை இந்த மாஸ்டரைக் கேளுங்கோ."

வீரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவருடைய குடியேற்றம் மன்னார் றோட்டால் உள்ளே போகவேண்டும். அங்கே டீசலில் ஓடுகிற ஒரு பழைய மில் இருக்கிறது. அதன் அச்சைத் தாங்குகிற பெயாரிங் கூடு வெடித்துவிட்டது. அறுவடை முடிந்து வீடு முழுக்க நெல். குத்த மில் இல்லை. நெல்லைப் பட்டணத்துக்குக் கொண்டுவரச் சோதனைச் சாவடி கடக்கவேண்டும், அதற்குத் துண்டு எடுக்கவேண்டும். (வவுனியாவில் துண்டு என்றால் பாஸ். மெசினில் வைத்து வெட்டுகிற பொருளையும் பத்மாசனி துண்டு என்கிறார். குழம்பாதீர்கள். நான் ஏற்கெனவே உங்களுக்கும் சேர்த்துக் குழம்பிவிட்டேன்.) ஒரு துண்டில் ஒரு மூட்டை. ஒரு மூட்டை எத்தனை வீட்டுக்குக் காணும்?

"நெல்லு கெடக்குங்க மிஸ், புள்ளைங்க பட்டினி கெடக்குது" என்றார் வீரம்மா. "சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல."

பத்மாசனி நெல்லுக் குத்த முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். "வெடிச்ச கூட்டைக் கொண்டுவாங்கோ, புதுசு ஒண்டு வெட்டித் தரலாமோ எண்டு பாப்பம்" என்று சொன்னார். நான் தப்பாக எழுதிய பலகையால் நடந்த ஒரே நல்ல காரியம் இது.

3

நான் இந்த இடத்துக்கு எப்படி வந்தேன் என்று கேட்கிறீர்கள். (கேட்கவில்லையா? பரவாயில்லை.) மெசினோடு வந்த ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்க நிலையத்தின் பணிப்பாளர் ராஜரத்தினம் என்னைப் பிடித்தார். வெட்டப்படும் பொருளை அசையாமல் பிடிப்பது எப்படி என்று ஓர் அத்தியாயம். நான் அதற்கு "வேலைப்பொருளைப் பற்றுதல்" என்று தலைப்பு வைத்தேன்.

"பற்று சாமிமார் விடுறது, மாஸ்டர்" என்றார் பத்மாசனி. "இஞ்ச பிடி. பிடி எண்டு எழுதினா ஆருக்கும் விளங்கும்."

அதோடு போகவில்லை. இரண்டு தாடையால் துண்டை இறுக்குகிற கருவிக்கு வைஸ் என்று பெயர். அந்தச் சொல்லை நான் அகராதியில் பார்த்தேன். அகராதி சொன்னதை நம்பி, "துண்டைத் தீயொழுக்கத்தின் இரு தாடைகளுக்கிடையே வைத்து இறுக்குக" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்மாசனி சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து குசினிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் அவருடைய மாணவர்கள் வைஸை "மாஸ்டற்ற தீயொழுக்கம்" என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த அத்தியாயத்தில் ஒன்று எனக்கு விளங்கியது. கட்டர் எவ்வளவு கெட்டிக்காரக் கட்டர் என்றாலும், கணினி எவ்வளவு படித்த கணினி என்றாலும், துண்டு அசைந்தால் எல்லாம் போச்சு. கட்டர் கொளுவி இழுக்கும், துண்டு பறக்கும். அது சுவரில் படுமோ முகத்தில் படுமோ என்பது அவரவர் சாதகம்.

4

வீரம்மா திரும்ப வரும்போது வெடித்த கூட்டோடு ஓர் அலுமினியக் கட்டியும் கொண்டுவந்தார். குடியேற்றத்தில் வீட்டுக்கு ஒரு சட்டி மூடி வாங்கி உருக்கி, மண்ணில் குழி தோண்டி வார்த்தது. அதனால் அங்கே இப்போது ஒரு வீட்டிலும் சோற்றுச் சட்டிக்கு மூடி இல்லை. இந்தக் கட்டி கெட்டுப்போனால் இன்னொன்றுக்கு மூடியும் இல்லை.

கட்டி எப்படி இருந்தது என்றால், அடி பெருத்து, பலாக்கொட்டை மாதிரி. ஒரு பக்கமாவது மட்டமில்லை. வைஸில் வைத்து இறுக்கினால் இரண்டே இடத்தில் கடித்துக்கொண்டு ஆடியது. பத்மாசனி மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, விரலை வைத்துப் பார்த்து, தலையாட்டினார்.

"சைக்கிள் ரியூப் வெட்டி இடையில வைச்சு இறுக்கினா?" என்றேன். வன்னியில் ரியூப்பால் கட்டி நிற்காத பொருள் ஏதாவது உண்டா?

"ரியூப் அமுங்கும். அமுங்கிறது பிடி இல்லை."

"நான் கையால புடிச்சிக்கிறேங்க" என்றார் வீரம்மா. சொன்னதோடு நிற்காமல் வளையலை மேலே தள்ளிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"ஐயோ அம்மா, விரல் போயிடும்!"

இந்த இடத்தில் என் கதை ஓகோவென்று மேலே போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்படி எழுதினேன்:

"வீரம்மா மெல்லச் சிரித்தார். 'ஏன் மிஸ், அடுப்புக்கு மூணு கல்லுதான வைக்கிறோம்? மூணு வச்சா எந்தச் சட்டியும் ஆடாதே!' பத்மாசனி திகைத்து நின்றார். எந்தப் படிப்பும் அவருக்குச் சொல்லித்தராத"

இவ்வளவும் எழுதியபோது பேனாவுக்கு மேல் ஒரு விரல் வந்து நின்றது.

"மாஸ்டர், உதென்ன?"

"கதைதானே மிஸ், ஒரு அழகுக்கு…"

"மூண்டு போல்ற் தலையைக் கீழ முட்டாக் குடுத்து, அந்த மூண்டுக்கும் நேர மேல கிளாம்ப் போட்டு அமத்தினது நான். கட்டி எவ்வளவு கோணலா இருந்தாலும் மூண்டு புள்ளியில ஆடாம இருக்கும் எண்டு நான் கொழும்பில டிப்ளோமா படிக்கேக்க படிச்சனான். ஒவ்வொரு முறையும் பாஸ் எடுத்து, லொட்ஜில கிடந்து, வாறவன் போறவனுக்கெல்லாம் ஐடென்ரிக் காட் காட்டிப் படிச்சது. உங்கட கதையில படிச்ச பொம்பிளை வாயைப் பிளந்துகொண்டு நிக்கவேணும், என்ன? அப்பதான் ஆக்கள் கை தட்டுவினம்."

நான் சாட்சிக்கு வீரம்மாவைப் பார்த்தேன்.

"நான் அப்புடி சொல்லவே இல்லீங்களே வாத்தியாரையா" என்றார் அவர். "எங்க வீட்டுல மண்ணெண்ண குக்கருங்க."

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். எனக்கு மேடையும் நேராகத்தான் இருக்கிறது. அந்த வசனத்தை வெட்டாமல் விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

5

சொன்னபடி ஐந்தாம் பகுதி.

இன்று காலை பத்மாசனி கட்டியைப் பூட்டி, சிவப்பு நிறுத்தக் குமிழில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெசினை ஓட்டினார். மேல்பக்கம் வெள்ளிக்காசு மாதிரிப் பளிச்சென்று வந்தது. பிறகு பெயாரிங் குந்துகிற வட்டக் குழி. பாதி ஆழம் போயிருக்கும், கரண்ட் நின்றது.

நாளைக்கு மெசினின் திறப்பு விழா. காசு கொடுத்த வெள்ளைக்காரர் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் மெசின் ஒரு பிளாஸ்ரிக் தகட்டில் "நல்வரவு" என்று தானாகவே செதுக்கிக் காட்டவேண்டும். ராஜரத்தினம் மத்தியானம் வந்து மெசினில் இருந்த கட்டியைக் கண்டார்.

"இதென்ன பிள்ளை, புட்டுக்கட்டி மாதிரி? கழட்டு. கரண்ட் வந்த உடன நல்வரவு ஒத்திகை பாக்கவேணும்."

"சேர், இன்னும் கொஞ்ச வேலைதான். கரண்ட் வந்தா முதல்ல இதை முடிச்சுப்போட்டு…"

"கட்டர் உடைஞ்சா? நாளைக்கு அவையளுக்கு எதைக் காட்டுறது, உன்னையும் என்னையுமோ? ஜெனரேற்றரும் நாளைக்குத்தான் வாடகைக்கு வருது. கழட்டி வை, விழா முடியத் திரும்பப் பூட்டலாம்."

"கழட்டினா பூட்டேலாது சேர்!" பத்மாசனியின் குரல் உடைந்தது. "அது அசையாம இருந்தாத்தான் அந்தக் குழியின்ர நடுவை நான் திரும்பப் பிடிப்பன். இந்தக் கட்டியில பிடிச்சுப் பாக்க வேற நேர்ப்பக்கம் ஒண்டும் இல்லை. மயிரளவு மாறிப் பூட்டினாலும் குழி ரெண்டாப் போகும், அச்சு கோணும், மில் ஓடாது."

ராஜரத்தினத்தைக் கெட்டவராக எழுத எனக்குக் கை அரிக்கிறது. ஆனால் இந்த மெசினை வவுனியாவுக்குக் கொண்டுவர அந்த மனிதர் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஒவ்வொரு சாவடியிலும் பெட்டியைப் பிரித்து, இது ஆயுதம் இல்லை என்று சத்தியம் பண்ணிக் கொண்டுவந்தார். நாளைக்கு அது ஓடாவிட்டால் அவருக்கு நெஞ்சு வெடிக்கும். அவர் பயமும் நியாயம்தான்.

வீரம்மா அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். ராஜரத்தினம் போன பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மிஸ் சொல்றது நெசந்தாங்க. எங்களையும் தேயிலத் தோட்டத்துல இருந்து கழட்டி நெடுங்கேணி பண்ணையில மாட்டுனாங்க. அங்கருந்து கழட்டி முகாமுல. முகாமுல இருந்து இங்க. ஒருவாட்டியாச்சும் சரியா உக்காந்துச்சா?" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

(இதை நான் எழுதித்தரவில்லை. அவர்தான் சொன்னார். இந்த முறை பத்மாசனியும் சாட்சி.)

இனி என் இரகசியம். ராஜரத்தினம் போகும்போது ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து என் கையில் தந்தார். மூன்று கிளாம்பையும் கழற்றுகிற ஒரே திருகுசாவி. "மாஸ்டர், நீங்கள் நாளைக்கு வரவேற்புரை எழுதுறியள்தானே. அதை முடிச்சுப்போட்டு நீங்களே இதைக் கழட்டி விடுங்கோ. அவா என்னோட மல்லுக்கட்டுவா, உங்களோட மாட்டா."

உரையை முடித்தால் கழற்றவேண்டும். ஆகவே நான் உரையை எழுதவில்லை, இதை எழுதுகிறேன். யன்னலால் அவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வாத்தியார் குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறார் என்று திருப்தியோடு போகிறார். நான் ஏன் இப்படி வளவளவென்று நீட்டுகிறேன் என்று நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் மன்னியுங்கள். இந்தக் கதை மெசினில் நாலாவது கிளாம்ப்.

6

முடிவுகள் சிலவற்றைப் போட்டுப் பார்க்கிறேன்.

கரண்ட் வருகிறது. குழி முடிகிறது. வீரம்மா கூட்டைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கடைசிப் பஸ்ஸுக்கு ஓடுகிறார். மில் ஓடுகிறது, குடியேற்றம் முழுக்கத் தவிடு மணக்கிறது. (ஆசை. ஆசைக்கு வரியா?)

கரண்ட் வருகிறது. கட்டர் கொளுவுகிறது. கட்டி பறந்து யன்னலை

"அபசகுனமா எழுதாதீங்க வாத்தியாரையா!" வீரம்மாவுக்கு நான் எழுதியதைப் பத்மாசனி வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். விட்டுவிட்டேன்.

கரண்ட் வரவில்லை. பொழுது படுகிறது. வீரம்மாவின் துண்டு இன்றைக்கு மட்டும்தான், அவர் வெறுங்கையோடு போகிறார். நான் எழும்பிப் போய்க் கிளாம்பைக் கழற்றுகிறேன். ஏனென்றால் அதிபர், பணிப்பாளர், காவல் சென்றியில் துவக்கோடு நிற்கிற பெடியன் என்று யார் சொன்னாலும் சொன்னதைச் செய்தே பழகிய ஆள் நான். நடக்கக்கூடியது இதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"மாஸ்டர்!" ராஜரத்தினம் உள்ளே வந்துவிட்டார். "முடிஞ்சுதோ? எங்க, ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

7

எழும்பினேன். இந்தத் தாளையே முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்தது:

"பெருமதிப்புக்குரிய பிரதம விருந்தினர் அவர்களே, கௌரவ விருந்தினர்களே, சிறப்பு விருந்தினர்களே, மங்கள விளக்கேற்றிய பெரியோர்களே, ஏற்றக் காத்திருக்கும் பெரியோர்களே,"

ராஜரத்தினம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார், முகத்தில் ஒரு வெளிச்சம். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. எங்கள் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வரவேற்புரையில் தன் பெயர் வரும்வரை ஒருவரும் எழும்பிப் போகமாட்டார், ஒருவரும் இடையில் நிறுத்தவும் மாட்டார். அவருடைய பெயரை நான் இன்னும் சொல்லவில்லை.

"வர்த்தகப் பெருமக்களே, கமக்காரர் அமைப்பினரே, இளைப்பாறிய தபாலதிபர்களே," உரையைத் திருத்துகிற பாவனையில் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், எழுத எழுதச் சொல்கிறேன், "இளைப்பாறாத தபாலதிபர்களே," சரக்குத் தீர்ந்துகொண்டு வந்தது. நான் திக்கியபோது வாங்கிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"கறுப்பாயி."

வீரம்மா. அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருமதி கறுப்பாயி அவர்களே," என்றேன்.

"சடையன் வீடு. மொட்டையாண்டி வீடு. லெச்சுமி… லெச்சுமிக்கு புருசன் இல்லீங்க, அவ மட்டுந்தான்."

"திரு. சடையன் குடும்பத்தினரே, திரு. மொட்டையாண்டி குடும்பத்தினரே, திருமதி லெச்சுமி அவர்களே,"

"ஆர் மாஸ்டர் இவையெல்லாம்?" ராஜரத்தினம் முன்னால் குனிந்தார்.

மூடி கொடுத்தவர்கள் என்று சொல்லியிருப்பேன். பத்மாசனி முந்திக்கொண்டார். "நன்கொடையாளர்கள், சேர்."

"ஓ, டோனர்மாரோ!" அவர் நிமிர்ந்து இருந்தார். "அப்ப ஒருத்தரையும் விடாதேங்கோ மாஸ்டர். ஒரு பேர் விடுபட்டாலும் மரியாதை இல்லை."

ஒருவரையும் விடவில்லை. வீரம்மா ஒவ்வொரு வீடாகப் போனார். குடியேற்றத்தின் சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாக, கிணற்றடி தாண்டி, மில்லடி தாண்டி. சிலரின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. எல்லோருக்கும் "அவர்களே" போட்டேன். என் வாழ்நாளில் இந்தச் சொல்லை இவ்வளவு மனதாரச் சொன்னதில்லை. பணிப்பாளர் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். என் காற்சட்டைப் பைக்குள் சாவி கனத்தது. கரண்ட் வந்தால் ஓட்டத் தயாராக, பத்மாசனியின் கை சிவப்புக் குமிழை விட்டு அசையவில்லை. கூரையில் குமிழ் விளக்கு இருட்டாகவே தொங்கியது.

பிறகு வீரம்மா நிறுத்தினார்.

"அவ்வளவுதாங்க" என்றார் வாய்க்குள். "மூடி குடுத்தவங்க அவ்வளவுதான்."

எனக்கு வேறு ஒருவரையும் தெரியாது. மிச்சம் ராஜரத்தினம் மட்டும்தான். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கிறார். அவருடைய பெயரைச் சொன்னால் உரை முடியும். உரை முடிந்தால் சாவி.

நீங்கள் இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்து வாசித்துக்கொண்டு வந்தீர்கள். தயவுசெய்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஊரையும் சொல்லுங்கள். நீளமாக இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஆட்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள், கெதியாக,

"எங்கள் அழைப்பை ஏற்றுத் தொலைவிலிருந்து வருகை தந்திருக்கும் ………………………………… அவர்களே,